ராத்தாவின் பாஸ்போட்

…நாலு என்று சொன்னது இந்த வாய்தானே, வேறு யாருடைய வாயும் இல்லையே, என்று நினைத்தபடி றாஹிலா பாரை மீனின் தலையில் கத்தியை இறக்கினாள், எலும்பு விடவில்லை, மறுபடியும் ஓங்கி ஒரு வெட்டு, இரத்தம் முகத்தில் தெறித்தது, துடைக்கவில்லை, வெள்ளிக்கிழமை, சவளக்கடை வயலிலிருந்து புருசன் முத்தலிப் ஜும்மாவுக்கு வந்துவிடுவான், தொழுதுவிட்டு இந்த மீனைத் தின்றுவிட்டு மாவடிப்பள்ளி ஊருக்குப் போவான், அங்கே அவனுக்கு இரண்டாம் கலியாணத்துக்குப் பெண் பார்த்து வைத்திருக்கிறாள் மாமி, பெண்ணின் தாய்க்குப் பதினொரு பிள்ளைகளாம், நேற்று மாமி வந்து இதே கிணற்றடியில் நின்று சொன்னாள், "மூணு வரிசமாப் போச்சு புள்ள, என்ட மகனும் மனிசன்தானே"… மகனும் மனிசன், நான் மட்டும் என்ன, ஆடா மாடா? போகட்டும், போய்த் தொலையட்டும்… இல்லை, போகக் கூடாது, அவன் கெட்டவன் இல்லை, ஒரே ஒருநாள்தான் கைநீட்டினான், அடித்துவிட்டு அவனே அழுதான், அந்த மனிசனிடம் உண்மையைச் சொன்னால் என்ன? சொன்னால் இரங்குவானா, இன்றைக்கே தலாக் சொல்லிவிட்டுப் போவானா? எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

பாஸ்போட்டிலிருந்தா? எண்பதாம் ஆண்டு அவளுக்கு இருபது வயது, சீதன வீடு இல்லாத குமரை யார் முடிக்க வருவான், குவைத்துக்குப் போனால் வீடு கட்டலாம் என்றார்கள், ஏஜென்ட் அப்துல் ஹமீட் வந்து, கலியாணம் முடித்து நாலைந்து பெற்ற பொம்பிளையைத்தான் அரபிக்காரன் கேட்கிறான் என்றான், உடனே, கூடப்பிறந்த ராத்தா, பெயர் சித்தி லைலா, அவளுடைய பிறப்புச் சான்றிதழ், ராத்தாவின் பெயர், ராத்தாவின் முப்பத்திரண்டு வயது, படம் மட்டும் இவளுடையது, "புள்ள எத்தின?" "நாலு." "மாறிச் சொன்னா அங்க ஜெயில்ல கிடந்து சாவாய், விளங்கிச்சா?" விளங்கியது, நன்றாகவே விளங்கியது, உம்மாவும் நெல்லுப் புடைத்தபடி கேட்டுக் கேட்டுப் பழக்கினாள், ராத்தாவின் பிள்ளைகள் நாலு பேரின் பெயரும் கலிமாபோல் வாயில் நின்றன. பிறகு குவைத்தில் அந்த வீடு… அந்த வீட்டின் மூத்த மகன், எல்லோரும் உறங்கும் பின்னேரங்களில், அரிசி மூட்டை அடுக்கிய அறை, வாயைப் பொத்திய கை, அதைக் கடித்தாள், தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான், ஒருதரம் அல்ல, எத்தனையோ தரம்… இவள் ஓங்காளித்துச் சத்தி எடுப்பதைக் கண்ட வீட்டுக்காரி மகனை ஒன்றும் கேட்கவில்லை, இவளைத்தான் படிக்கட்டில் தள்ளி அடிவயிற்றில் மிதித்தாள், இரத்தம் பாய்ந்த தரையை இவளையே துடைக்க வைத்துவிட்டுத்தான் காரில் ஏற்றினாள், பழந்துணிகளை விரித்து, இருக்கை பழுதாகிவிடுமாம்! ஆஸ்பத்திரியில் மலையாளத்து நேர்ஸ் ஒருத்தி குனிந்து, "குட்டிகள் எத்ர?" என்று கேட்டாள், பாதி மயக்கம், ஆனால் வாய் மயங்கவில்லையே, நாலு என்றது, கேட்காமலே பெயர்களையும் சொன்னது, டாக்டர் நிமிர்ந்து வீட்டுக்காரியைப் பார்த்தான், அவள் கையெழுத்துப் போட்டாள்… விழித்தபோது நேர்ஸ் நெற்றியைத் தடவி, "இனி பேடிக்கண்டா, இனி குட்டி உண்டாவில்ல" என்றாள், பயப்பட வேண்டாமாம், இனிப் பிள்ளை வராதாம், ஆறுதல் சொன்னாளாம், நாசமாய்ப் போன ஆறுதல், உள்ளே அறுத்துக் கட்டிவிட்டார்கள், முப்பத்திரண்டு வயதுக்காரி, நாலு பெற்றவள், போதும்தானே… மறுபடியும் அதே வீடு, அதே அறை, மகனுக்கு இனிப் பயமே இல்லை. யாரை வெட்டுவது? அவனையா, அவனுடைய தாயையா, டாக்டரையா, இந்த நாக்கையா?

படலை கிரீச்சிட்டது, ராத்தா, ஏழு மாத வயிறு, ஐந்தாவது, இடுப்பைப் பிடித்தபடி வந்து பலகைக் கட்டையில் இருந்தாள், மாமி வந்த கதை அவளுக்கும் போயிருக்கிறது. "ஒண்டுக்கும் யோசியாத புள்ள. இது பொறந்த கையோட ஒனக்குத் தந்திர்றன். முத்தலிப் மச்சானுக்கிட்ட நானே கதைக்கன்." கத்தி மீனின் வயிற்றில் நின்றது, எவ்வளவு லேசாகச் சொல்கிறாள், ஒரு கொத்து அரிசி கடன் தருகிறவள் மாதிரி, அந்த வயிறு மேலும் கீழும் மூச்சு வாங்குகிறது, அதில் இந்தக் கத்தியை… அஸ்தஃபிருல்லாஹ், என்ன நினைப்பு இது, ஷைத்தானே, போ… "எனக்குப் பொறக்காதெண்டு ஆர் சொன்ன ஒனக்கு?" ராத்தா எங்கோ பார்த்தாள், "சும்மா சொன்னன்டி." சும்மாவா? ராத்தாவின் முகம் சும்மா சொன்ன முகமா? எழுந்தது தெரியவில்லை, முக்காட்டோடு சேர்த்து ராத்தாவின் கொண்டை கைக்குள் இருந்தது, மற்றக் கையில் கத்தி, கன்னத்தில் ஒன்று விட்டிருக்கிறாள், செதில் ஒட்டியிருந்தது, "சொல்லுடி!" ராத்தா வயிற்றை மட்டும் இரண்டு கையாலும் மறைத்தாள், "அந்த நேர்ஸ் காயிதம் போட்டிருந்த. என்ட பேருக்குத்தானே வரும், என்ட வீட்டுக்கு வந்திச்சி. இமக்குலேற் டீச்சர்தான் இங்கிலீச வாசிச்சிச் சொன்ன… புள்ள அழிஞ்சது, கட்டினது, எல்லாம் எழுதியிருந்த." "எப்ப?" "எண்பத்திரெண்டு நோன்புக்குள்ள." "தெரிஞ்சிக்கிட்டுத்தானா என்னயக் கலியாணம் முடிச்சிக் குடுத்தீங்க?" "வேற என்ன செய்யச் சொல்றாய்? சொன்னா ஆர்டி ஒன்ன முடிப்பான்?"

எண்பத்திரண்டு நோன்பு… றாஹிலா ஊருக்கு வந்தது எண்பத்து மூன்று கடைசியில், ஒன்றரை வருசம், அந்த வீட்டில், அந்த அறையில், இவர்கள் இங்கே தெரிந்துகொண்டு… "உம்மாக்கும் தெரியுமா?" ராத்தாவின் மேலுதட்டில் இரத்தம் வடிந்தது, மீனுடையதா அவளுடையதா என்று பார்க்க றாஹிலாவுக்கு மனம் வரவில்லை, கொண்டையை விடவும் கை வரவில்லை. அந்த நோன்பு முடிந்த பெருநாளைக்கு உம்மா தன் குரலைப் பிடித்து ஒரு கசெட் அனுப்பியிருந்தாள், சுவர் முடிஞ்சிது மகள், ஓடு போடல்ல, இன்னும் ஒரு வரிசம் பல்லக் கடிச்சிக்கிட்டு இரி, என்றுவிட்டு உம்மா அழுதாள், ஒப்பாரி வைப்பதுபோல அழுதாள், அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டு, என்னைக் காணாமல்தானே உம்மா இப்படி அழுகிறாள் என்று சேர்ந்து அழுதிருக்கிறாளே, கசெட்டின் அந்தப் பக்கம் முழுக்க உம்மா ஒருதரமாவது, நீ சுகமா மகள், என்று கேட்டாளா… கேட்கவேயில்லையே.