ஷோகேஸ் அன்னம் எதிராத்துக்குப் போனது

மந்தைவெளியில ரெண்டாவது மாடி ஃப்ளாட்ல இருந்த ஜானுவுக்கு ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. அவ நாத்தனார் சாருலதா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உள்ள நுழைஞ்சு கூடத்தைச் சுத்திப் பாத்துட்டு வாயை மூடிண்டு உக்காரணும்.

சாருலதாவுக்கு பெசன்ட் நகர்ல சொந்த வீடு. வந்தா செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுவா. "ஏன் மன்னி, ஊர்ல எல்லாரும் ஒம்போது நாள்ல கொலுவை எடுத்து வெச்சுடறா. உங்காத்துல மட்டும் வருஷம் பூராவுமா?"

அவளைச் சொல்லியும் குத்தமில்லை. ஷோகேஸ்ல கன்யாகுமரியில வாங்கின சோழி அன்னம், பக்கத்துல பல்பு எரியற தாஜ்மஹால், ஒயர்ல பின்னின கிளி ரெண்டு, ஆத்துக்காரர் சங்கரன் எழுபத்திநாலுல கேரம்ல ஜெயிச்ச கப்பு. கூடத்துலயே ஃப்ரிட்ஜ், ஃப்ரிட்ஜ் தலையில பூப்போட்ட துணி, துணி மேல பிளாஸ்டிக் ரோஜா, ரோஜா மேல தூசி. சுவத்துல பதினோரு காலண்டர். தேதி பாக்கறதுக்கு ஒண்ணு போறும். மீதி பத்துலயும் சாமி இருக்காரே, குப்பையிலயா போட முடியும்?

தொண்ணூத்தாறாம் வருஷம் ஆவணி மாசம், கங்காதரன்னு ஒருத்தர் வந்து கதவைத் தட்டினார். டிவி சீரியல் கம்பெனியில மேனேஜராம். ஷூட்டிங்குக்கு வீடு தேடி தெருத்தெருவா அலையறாராம். கூடத்தைப் பாத்தார், கண்ணு விரிஞ்சுது.

"பிரமாதம்மா! நல்லா இருக்கு. இன்னிக்குப் பதினஞ்சாம் நாள், வெள்ளிக்கிழமை, காலையிலயே வந்துடறோம்."

அவர் படியிறங்கி முடிக்கலை, ஜானு பெசன்ட் நகருக்கு ஃபோனைச் சுத்திட்டா. "சாரு, எங்காம் டிவியில வரப்போறதுடி!"

அந்தப் பக்கம் சாருலதா சிரிப்பை அடக்கிண்டா. அப்புறம் மெதுவா, "அந்த அன்னத்தோடயா மன்னி?"

அவ்வளவுதான். சுருக்குனு தைச்சுடுத்து ஜானுவுக்கு. மாசப் பத்திரிகையோட இலவசமா வந்த 'வீட்டை அழகாக்க இருபது வழிகள்' புஸ்தகத்தைப் பரண்லேர்ந்து எடுத்தா. மொதல் வழியே இதுதான்: ஒரு வருஷமா தொடாத சாமானா, யோசிக்காம வெளியேத்துங்கோ.

சங்கரன் ஈஸிசேர்ல படுத்துண்டே கேட்டார். "ஏண்டி, என்னைத் தொட்டும் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே. என்னையும் வெளியேத்திடுவியா?"

"வாங்கிக்க ஆள் வந்தா பாக்கலாம். எழுந்திருங்கோ, அந்த ஈஸிசேரும் போறது."

காலண்டர் பத்தையும் சுருட்டி, கோவில் அரசமரத்தடியில கன்னத்துல போட்டுண்டு வெச்சுட்டு வந்தா. பாக்கி சாமானைக் கூடத்துல குவிச்சபோது எதிர் ஃப்ளாட் குல்சும் எட்டிப் பாத்தா.

"ஜானக்கா, அந்த அன்னத்தை நான் எடுத்துக்கட்டுமா? நிக்காஹ் ஆகி இங்க வந்த நாள்லேர்ந்து வாசல்ல நின்னு அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். எட்டு வருஷமாச்சு."

"அன்னம் என்னடி, ஷோகேஸோட எடுத்துண்டு போ."

ஆறடி நடையைத் தாண்டி எல்லாம் எதிராத்துக்குப் போச்சு. கப்பு, கிளி, தாஜ்மஹால், ஈஸிசேர், பிளாஸ்டிக் ரோஜா வரைக்கும். ஃப்ரிட்ஜும் தேதி பாக்கற காலண்டரும் மட்டும் சமையலுள்ளுக்குப் போச்சு. ரோஸ் கலர் சுவத்துக்கு வெள்ளை அடிச்சாச்சு. ஜன்னலுக்குப் புதுசா பச்சைத் திரை. கூடத்துல மிச்சம் ஒரு திவான், ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல ஒரு கூஜா.

பாத்திரம் தேய்க்கற கெங்கம்மா இடுப்புல கையை வெச்சுண்டு பாத்தா. "இன்னாமா, ஊடு காலி பண்றீங்களா? சொல்லவே இல்ல?"

"அழகு பண்ணியிருக்கேன். எப்படி இருக்கு?"

"சொன்னா கோச்சுக்காத. எங்க நாத்தனா புள்ள பெத்தாளே ஒரு எடம், அச்சு அசல் அப்டியே கீது."

வயித்தெரிச்சல்ல சொல்றாள்னு ஜானு விட்டுட்டா.

வெள்ளிக்கிழமை வேன் வந்துது. பதினஞ்சு பேர், லைட்டு, ஒயர், மூட்டை. மொதல்ல உள்ள வந்த கங்காதரன் சட்டுனு வெளியில போய் கதவு நம்பரைப் பாத்துட்டுத் திரும்ப வந்தார்.

"அம்மா, வீடு எங்கம்மா?"

"இதான்."

"அந்த அடைசல் எங்கம்மா? மூணு தலைமுறையா வாழ்ந்த வீடுன்னு அந்த அன்னத்தை நம்பித்தானே டைரக்டர்கிட்ட சொன்னேன்!"

பின்னாடி வந்த டைரக்டர் இவா பேசறதைக் கவனிக்கவே இல்லை. அவர் பார்வை எதிராத்துத் திறந்த கதவுக்குள்ள இருந்துது. எட்டு வருஷமா பாத்து மனப்பாடமான குல்சும், ஒரு இஞ்ச் மாறாம எல்லாத்தையும் அடுக்கியிருந்தா. தாஜ்மஹால்ல பல்புகூட எரிஞ்சுது. டைரக்டர் செருப்பைக் கழட்டிட்டு நேரா அங்க போயிட்டார். லைட்டும் ஒயரும் அவர் பின்னாலயே போச்சு.

ஜானு கையில காப்பித் தட்டோட நின்னா. ராத்திரி சாருலதா ஃபோன் பண்ணுவாளே, என்னன்னு சொல்றது? அன்னத்தைக் குடுத்தேன்டி, அது டிவியையும் கூடவே அழைச்சிண்டு போயிடுத்துன்னா?

மத்தியானம் கங்காதரன் ஜானு ஆத்துக்கு ஃபோன் பேச வந்தார். சாயங்காலம் எடுக்க வேண்டிய சீனுக்கு அடையார்ல ஒரு நர்சிங் ஹோம் பேசி வெச்சிருந்தாளாம், இன்னிக்குத் தோதுப்படாதுன்னுட்டாளாம். தலையில கையை வெச்சுண்டு நிமிர்ந்தவர், கூடத்தை இப்போதான் சரியா பாத்தார். வெள்ளைச் சுவர். பச்சைத் திரை. ஸ்டூல். கூஜா. திவான்ல ஈஸிசேரை நினைச்சு மூஞ்சியைத் தொங்கப் போட்டுண்டு படுத்திருந்த சங்கரன்.

"சார்!" ஓடினார் எதிராத்துக்கு. "ஆஸ்பத்திரி கிடைச்சுடுச்சு சார்! பேஷன்ட்டோட!"

டைரக்டர் வந்து சங்கரனைக் குனிஞ்சு பாத்தார். "இந்த முகத்துக்கு மேக்கப்பே வேண்டாம்யா."

கதாநாயகியோட அப்பா வேஷம். சங்கரனுக்கு அறுபது வயசுல அப்படி ஒரு சந்தோஷம். காலண்டர் மாட்டின ஆணியிலயே குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டாச்சு. ஜானுவுக்குப் போன உசிர் திரும்பி வந்துது. எப்படியோ எங்காம் வருது, அதுவும் வெள்ளை வெளேர்னு! சமையலுள்லேர்ந்து எட்டிப் பாத்தா.

டாக்டர் வேஷக்காரர் நாடி பாத்தார். உதட்டைப் பிதுக்கினார். போர்வையை இழுத்து சங்கரன் மூஞ்சியை மூடினார்.

"நிறுத்துங்கோ!" கரண்டியோட பாய்ஞ்சு வந்தா ஜானு. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, என் கூடத்துல, என் ஆத்துக்காரர் மூஞ்சியை மூடறேளா?"

"நடிப்பும்மா," டைரக்டர் கையைப் பிசைஞ்சார். "இவர் செத்தாதான் ஹீரோயின் வேலைக்குப் போவா."

"நன்னா போகட்டும், யார் தடுத்தா? இவர் இருந்தே அனுப்பி வெக்கட்டும்."

கங்காதரன் பக்கத்துல வந்து கிசுகிசுத்தார். "அம்மா, இவர் சாகலைன்னா சீனே இல்லை. உங்க வீடு டிவியில வராது. யோசிச்சுக்குங்க."

ஜானு வெள்ளைச் சுவத்தைப் பாத்தா. சாருலதாவோட வாய் கண்ணு முன்னாடி வந்துது. போர்வை மெதுவா விலகி சங்கரன் மூஞ்சி தெரிஞ்சுது.

"ஜானு, நான் வேணா ஒரு அஞ்சு நிமிஷம் செத்துட்டு வந்துடறேனே."

"வாயை மூடுங்கோ! சாரு என்ன வேணா சொல்லிக்கட்டும். டிவியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். லைட்டை எடுத்துண்டு எல்லாரும் கிளம்புங்கோ!"

யாரும் நகரலை. டைரக்டர் கூஜாவைக் கீழ வெச்சுட்டு ஸ்டூல்ல உக்காந்தார். ஆறிப்போன காப்பியை ஒரே மடக்குல குடிச்சார். "சரி. கோமா."

"கோமான்னா?"

"தூங்கறார்மா. மூச்சு இருக்கு."

"நெத்தியில விபூதி அழியாதே?"

"அழியாது."

"அப்போ எடுத்துக்கோங்கோ."

மூணு வாரம் கழிச்சு புதன்கிழமை சாயங்காலம் அது டிவியில வந்துது. முடிஞ்சு முக்கால் மணியில வாசல்ல ஆட்டோ சத்தம். சாருலதா, ஒரு கையில சாத்துக்குடிப் பை, இன்னொரு கையில ஹார்லிக்ஸ் பாட்டில். மொதல் சீன்ல அன்னத்தைப் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சவ, அடுத்த சீன்ல மூக்குல குழாயோட அண்ணாவைப் பாத்திருக்கா. நடிப்புன்னு தெரியும், ஆனா மனசு கேக்கலை.

நிலைப்படியிலயே நின்னா. வெள்ளைச் சுவர், பச்சைத் திரை, ஆணியில பாட்டில், திவான்ல அண்ணா.

குரலைத் தாழ்த்திண்டு கேட்டா. "மன்னி, பேஷன்ட்டைப் பாக்கற நேரம் முடிஞ்சு போச்சா?"

"உள்ள வா சாரு."

சாருலதா நுனிக்கால்ல நடந்து வந்து ஸ்டூல்ல உக்காந்தா. சுத்திப் பாத்தா. வாயே திறக்கலை. முழுசா பத்து நிமிஷம் ஜானு அதைக் கண்ணாரப் பாத்துண்டே இருந்தா. சாத்துக்குடியை சங்கரனே உரிச்சுத் தின்னார்.

அத்தோட முடிஞ்சுதா? கோமா ஜனங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. டைரக்டர் வெள்ளிக்கு வெள்ளி வந்துண்டே இருக்கார். சங்கரன் கண்ணு முழிக்கிற வரைக்கும் கூடத்துல ஒரு காலண்டர்கூட மாட்டப்படாதுன்னு கங்காதரன் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிட்டுப் போயிருக்கார்.

ஜானு என்ன பண்ணுவா? சாயங்காலம் ஆனா எதிராத்துக்குப் போய் ஈஸிசேர்ல உக்காந்துண்டு, புடவைத் தலைப்பால அன்னத்தைத் துடைப்பா.

"அவ்வளவு ஆசைன்னா திருப்பி எடுத்துக்குங்கக்கா," குல்சும் சொன்னா.

"எங்கடி வெக்கறது? தீவிர சிகிச்சைப் பிரிவுல அன்னம் வெப்பாளா?" ஜானு அதோட கழுத்தைத் திருப்பி, தூசி இருக்கான்னு பாத்தா. "கொஞ்சம் இடது பக்கமா நகர்த்தி வெச்சிருக்கே பாரு. தாஜ்மஹால் மறைக்கிறது."