வளைவு கேட்டும் மாதா தேரும்

பிரிஸில்லா ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் அது முடிந்துதான் தீரும். எதிரில் இருப்பவர் முதலில் சிரிப்பார், பிறகு மழுப்புவார், பிறகு ஓடி ஒளிவார், கடைசியில் தலையாட்டிவிடுவார். கோட்டூர்புரத்தில் அவளிடம் கணக்குப் படித்துத் தேறிய பிள்ளைகள் எல்லாரும் இதற்குச் சாட்சி. ஆற்றங்கரைப் பாதைக்கு வளைவு கேட் வந்த கதையும் அப்படித்தான்.

அடையாற்றை ஒட்டி ஒரு சாலை. சாலைக்கும் ஆற்றுச் சுவருக்கும் நடுவே, கம்பித் தடுப்புக்கு உள்பக்கமாக, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் பொதுவாக ஒரு பாதை. பெயருக்குத்தான் அவர்களுடையது. சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாத பைக்குகளும் ஸ்கூட்டர்களும் அதை மாமியார் வீட்டுச் சந்துபோல் பாவித்து வந்தன. ஹாரன் சத்தம் கேட்டால் நடக்கிறவர் சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொள்ள வேண்டும். சைக்கிள்காரர் பாடு அதைவிட மோசம். சாலையில் போனால் பஸ், பாதையில் போனால் பைக்.

போன வருஷம் அப்படி வந்த ஒரு பைக்தான் பிரிஸில்லாவின் கணவர் விக்டரைத் தூக்கி எறிந்தது. இடுப்பெலும்பு முறிந்தது. விக்டர் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் விசில் ஊதினால் நந்தனம் வரை பையன்கள் ஓடுவார்கள் என்று ஒரு காலத்தில் கேலி பேசுவார்கள். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. "எலும்பு சேர்ந்துடுச்சு. இனிமே நடக்கிறது உங்க பொறுப்பு. நடக்கலைன்னா கால் மரத்துப்போயிடும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். விக்டரோ ஆற்றங்கரையைப் பார்த்த ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கும் வழியாக இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது வாங்கிய வீல்சேரும் அவருக்கு ஆகாது. அதைக் கண்ணில் காட்டாதே என்று மூலையில் தள்ளி, மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடச் சொல்லிவிட்டார்.

"நடங்க" என்பாள் பிரிஸில்லா.

"எங்க நடக்கிறது? வண்டி வராத இடம் ஒண்ணு காட்டு, நடக்கறேன்" என்பார் விக்டர்.

விளையாட்டு வீரர்களை உருவாக்கிய மனுஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போவதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. இப்படியே விட்டால் இவர் அந்த ஜன்னலோடு முடிந்துவிடுவார் என்ற பயம் ராத்திரியும் பகலும் அவளை விடவில்லை. சரி, வண்டி வராத இடம்தானே வேண்டும், காட்டிவிடுகிறேன் என்று கிளம்பினாள்.

துணைக்கு வந்தவள் அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருக்கும் கமர் ஜஹான். அவளும் சைக்கிளில் போகிறவள். அவள் மகள் மஹ்விஷ் தினமும் சைக்கிளில் நூலகத்துக்குப் போய்ப் படிக்கிறவள். மகள் வீடு திரும்பும்வரை கமர் ஜஹானின் தையல் மெஷின் சரியாக ஓடாது. இரண்டு பேரும் வார்டு என்ஜினியர் சுரேஷ்குமாரைப் பார்த்தார்கள், மறுபடியும் பார்த்தார்கள், அவர் டீ குடிக்கும் கடையையும் கண்டுபிடித்துப் பார்த்தார்கள். கடைசியில் அவரே, ரயில்வே கேட் பக்கத்தில் நடந்து போகிறவர்களுக்கு இருக்குமே, அதுபோல ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு கம்பி வேலி வைத்து, வளைந்து நுழைகிற மாதிரி செய்யலாம் என்று வழி சொன்னார். சாலையில் வேகத்தடையும் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டார்.

வளைவுக்கு அளவு வேண்டியிருந்தது. பிரிஸில்லா மூலையில் கிடந்த வீல்சேரை, விக்டர் மத்தியானம் தூங்கும் நேரமாகப் பார்த்து, அவருக்குத் தெரியாமல் உருட்டிக்கொண்டு போனாள். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, காலி வீல்சேரை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினாள்.

"இந்த சேர் திரும்பணும் சார். சைக்கிளைத் தள்ளிட்டுப் போகணும். ஸ்கூட்டர் போகக் கூடாது. ஒரு இஞ்ச் கூடினாலும் நான் ஒத்துக்க மாட்டேன்."

"மேடம், நீங்க கணக்கு டீச்சரா?" என்று கேட்டார் சுரேஷ்குமார், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

பாதையின் இரண்டு முனையிலும் கேட் வந்தது. முதல் நாள் காலையில் சாப்பாட்டுப் பெட்டியை முதுகில் மாட்டிய ஒருவர் பழக்க தோஷத்தில் ஸ்கூட்டரை உள்ளே விட்டார். முன் சக்கரம் திரும்பியது, பின் சக்கரம் திரும்பவில்லை. "இன்னாமா இது, எலிப்பொறி மாரி கீது!" என்று அலறினார். கமர் ஜஹான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் பின்னால் நின்று, "பொறிதான் நைனா. பின்னாடி எடு" என்றாள். நாலு பேர் பிடித்து அவரை வெளியே இழுத்தார்கள். அதற்கப்புறம் பைக்குகள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மஹ்விஷுக்கு மட்டும் கேட்டில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறதே என்று சின்னக் குறை. "ரெண்டு நிமிஷம் இறங்கினா குறைஞ்சுட மாட்டே" என்று அதட்டி அனுப்பினாள் பிரிஸில்லா.

விக்டர் இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் காலை காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "என் கேன்வாஸ் ஷூ எங்க?" என்றார்.

கைத்தடியை ஊன்றி, கேட்டில் வளைந்து நுழைந்து, முதல் பெஞ்சு வரை போனார். உட்கார்ந்தார். திரும்பி வந்தார். அவ்வளவுதான். பிரிஸில்லா சற்றுத் தள்ளி ஆற்றைப் பார்ப்பதுபோல் நின்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாளும் போனார். இரண்டாவது பெஞ்சை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினார்.

இந்தச் சந்தோஷத்தில் கோயில் கொடியேறியதுகூட அவள் மனசில் சரியாகப் பதியவில்லை. தெருக்கோடியில் இருக்கும் சின்ன மாதா கோயிலில் செப்டம்பர் திருவிழா. கமர் ஜஹான் கழுத்தில் டேப்போடு வந்து வாசலில் நின்றாள். மாதா தேரின் அடிப்பக்கத்தைச் சுற்றிக் கட்டும் ஜாலரை வருஷா வருஷம் தைத்துக் கொடுப்பது அவள்தான்.

"டீச்சரக்கா, தேருக்கு இந்த வருஷமும் அதே அளவுதானே? அகலம் ஆறடி?"

"ஆமா கமர், அதே ஆற..." என்று ஆரம்பித்த பிரிஸில்லா பாதியிலேயே நிறுத்தினாள்.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தேர் போவது அந்தப் பாதை வழியாகத்தான். பெருவெள்ளம் வந்த வருஷம் ஆற்றுத் தண்ணீர் கோயில் வாசற்படி வரை ஏறி, அங்கேயே நின்று, வடிந்தது. அன்றைக்குப் பங்கு மக்கள் செய்த நேர்ச்சை அது. ஒவ்வொரு திருவிழாவிலும் மாதாவை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய், சுவர் தாழ்ந்திருக்கும் அந்தக் கடைசி முனையில் ஆற்றைப் பார்க்க வைக்க வேண்டும். சாலை வழியாகப் போனால் நடுவில் கம்பித் தடுப்பு. பாதை வழியாகத்தான் போக வேண்டும், பாதையின் வாசலிலோ ஸ்கூட்டரே திரும்ப முடியாத வளைவு கேட்.

நேர்ச்சை வைத்த அன்று முதல் ஆளாக முழந்தாளிட்டவள் பிரிஸில்லா. தேர் சிங்காரிக்கும் குழுவுக்குத் தலைவியும் அவளே. ஆறடித் தேரை வருஷா வருஷம் பூவால் மூடியவள், கேட்டுக்கு அளவு கொடுத்தபோது அதை அடியோடு மறந்தாள். பந்தல் போட்டு, பத்திரிகை அடித்து, மாப்பிள்ளைக்குச் சொல்லாமல் விட்ட கதை. யானை தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானையாவது மண்ணோடு விடும், இவள் இரும்புக் கம்பியையே போட்டுக்கொண்டாள்.

அன்று மாலையே திருவிழாக் குழு கூடியது. செயலாளர் ஜெஃப்ரிக்கு எதையும் சட்டுபுட்டென்று முடிக்க வேண்டும்.

"இதுக்கு இன்னாத்துக்கு டென்ஷன் டீச்சர்? கம்பிய அறுத்துடலாம். தேரு போய் வந்ததும் வெல்டிங் வெச்சிக்கலாம்."

பிரிஸில்லாவுக்கு ஊர் நிலவரம் தெரியும். அறுக்கிறவன் இன்றைக்கே வருவான், ஒட்டுகிறவன் அடுத்த திருவிழாவுக்குத்தான் வருவான். அதற்குள் பைக்குகள் பழைய உரிமையை நிலைநாட்டிவிடும். சுரேஷ்குமாருக்குப் போன் செய்தாள். அவரும் ஒளிக்காமல் சொன்னார்: "சாமி காரியம், நான் குறுக்க நிக்க மாட்டேன் மேடம். ஆனா திரும்ப வெச்சுத் தர்றது என் கையில இல்ல."

"இந்த ஒரு வருஷம் ஆத்துக்குப் போகாம இருந்தா என்ன?" என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். கூட்டம் மொத்தமும் அவரை முறைத்தது. பிரிஸில்லாவும் முறைத்தாள். இருட்டில் தண்ணீர் படியேறி வந்த சத்தம் அவள் காதில் இன்னும் இருக்கிறது. ஒரு பக்கம் மாதாவுக்குக் கொடுத்த வாக்கு, மறுபக்கம் புருஷனின் கால். மாதாவை வழிமறித்து நிற்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. "சரி, அறுங்க" என்று சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து வந்தாள்.

வீட்டில் விக்டர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

விக்டர் ஷூவைப் பார்த்தார்.

"நான் ரெண்டாவது பெஞ்சுக்கு இன்னும் போகல பிரிஸி" என்றார்.

அவள் கழற்றிய ஷூவை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அந்த கேட்டுக்கு அளவு எதை வெச்சு எடுத்தே?"

மறைத்து என்ன ஆகப்போகிறது என்று சொன்னாள். "உங்க வீல்சேரை வெச்சுதான்."

கோபப்படுவார் என்று நினைத்தாள். விக்டர் எழுந்து, சுவரைப் பிடிக்காமல் மூலைக்குப் போனார். போர்வையை உருவி எறிந்தார்.

"அப்போ இது போகும்."

"எது?" என்று கேட்டவளுக்கு மெல்லத்தான் புரிந்தது. "ஏங்க! மாதாவை வீல்சேர்லயா? ஊர் என்னங்க சொல்லும்?"

"ஆஸ்பத்திரில என்னை இதுல உக்கார வெச்சப்போ, இதுல ஒரு அவமானமும் இல்லைன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"அதையே மாதாகிட்டயும் சொல்லு."

பங்குத்தந்தை ஜேக்கப் சாமியாரிடம் அப்போதே ஓடினாள். சாமியார் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு யோசித்தார். "கழுதை மேல எகிப்துக்குப் போன தாய். இதுக்கா யோசிப்பாங்க?" என்றார். கம்பி அறுக்க ஆள் பிடித்துவிட்ட ஜெஃப்ரி முணுமுணுத்துக்கொண்டே அந்த ஆளை வரவேண்டாம் என்றார். கமர் ஜஹான் ஆறடி ஜாலரோடு கூட, மிஞ்சிய நீலத் துணியில் வீல்சேருக்கும் ஒரு குட்டி ஜாலர் தைத்தாள். சக்கரத்தில் துணி சிக்காதபடி ஓரத்தை மடித்துத் தைத்து, இரண்டு முறை உருட்டிப் பார்த்த பிறகே கொடுத்தாள்.

திருவிழா மாலை. பேண்டு வாத்தியத்தோடு தேர் வந்து கேட்டுக்கு முன்னால் நின்றது. இளைஞர்கள் ஏறி மாதா சுரூபத்தை அலுங்காமல் இறக்கி, வீல்சேரில் வைத்து, வெள்ளைத் துணியால் கட்டினார்கள். சாலையில் வண்டிகள் வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கி, அப்படியே நின்று வேடிக்கை பார்த்தன. பாதைக்குள் மஹ்விஷும் இன்னும் சில சைக்கிள்காரர்களும் இறங்கி ஓரமாக நின்றார்கள்.

ஜெஃப்ரி வீல்சேரின் கைப்பிடியைப் பிடிக்க வந்தார்.

"நீ தள்ளிக்கோ தம்பி" என்றார் விக்டர். "இதோட இடது சக்கரம் இழுக்கும். எனக்குத்தான் தெரியும்."

கைத்தடியை பிரிஸில்லாவிடம் நீட்டிவிட்டுக் கைப்பிடியைப் பற்றினார். முதல் வளைவில் இடப்பக்கம் திருப்பினார், இரண்டாவதில் வலப்பக்கம். கம்பியில் எங்கும் உரசவில்லை. மாதா உள்ளே நுழைந்ததும் மஹ்விஷ் சைக்கிள் மணியை அடித்தாள். மற்றவர்களும் சேர்ந்து அடித்தார்கள். பேண்டுக்காரர்களே ஒரு கணம் வாசிப்பதை நிறுத்திக் கேட்டார்கள்.

முதல் பெஞ்சு வந்தது. போதும், யாராவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல பிரிஸில்லாவுக்கு வாய் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டாவது பெஞ்சும் பின்னால் போனது. விக்டர் வியர்த்து வழிந்தார், ஆனால் கால் தரையில் சீராக விழுந்தது. சுவர் தாழ்ந்த முனைக்கு வந்ததும் வீல்சேரை மெல்லத் திருப்பி ஆற்றைப் பார்க்க வைத்தார். சாமியார் ஜெபம் சொன்னார். எல்லாரும் ஆற்றைப் பார்த்தார்கள். பிரிஸில்லா மட்டும் அந்தப் பழைய கேன்வாஸ் ஷூக்களையே பார்த்துக்கொண்டு, ஆண்டவரே, ஆண்டவரே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜெபம் முடிந்து திரும்பும் நேரம். ஜெஃப்ரி ஓடிவந்து விக்டரின் தோளைத் தொட்டார். பாவம், ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்கும் இருந்தது.

"சார், ரொம்ப தூரம் வந்துட்டீங்க. எப்டி திரும்பிப் போவீங்க?"

விக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீல்சேரைக் காட்டினார்.

"சேர்ல ஆள் இருக்காங்கப்பா. நான் நடந்துதான் போகணும்."