பல் டாக்டர் வீட்டு லேத்

1

இந்தக் கதை ஒரு பல்வலியில் தொடங்கியது. என் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்த டாக்டரின் தலைமுடியில் ஒரு உலோகச் சுருள் மின்னியது. வாயைப் பிளந்து வைத்திருந்ததால் அது என்னவென்று கேட்க முடியவில்லை. கேட்க முடியாததுதான் மண்டையைக் குடையும்.

பிறகு கேட்டேன். வீட்டு லேத்தில் உலோகம் கடையும்போது சீவி விழும் துருவலாம். கதையில் பாதி அவள் சொன்னது, மீதி நான் போட்டுக்கொண்டது.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'அந்த லேத் தையல் மெஷின் அளவுதான் இருந்தது, ஆனால் அதன் கனவுகளோ'

வேண்டாம். மெஷினுக்குக் கனவு வைத்தால் நீங்களே எழுந்து போய்விடுவீர்கள். நேராகச் சொல்கிறேன்.

டாக்டருக்கு ஒரு தம்பி. (இனி அவளை அக்கா என்றே எழுதுகிறேன், டாக்டர் என்று எழுதினால் பல் கூசுகிறது.) சக்கர நாற்காலியில் இருப்பவன். வேறு ஊரில் வேலை கிடைத்து, தனியாக அறை எடுத்துத் தங்கத் தயாராக இருந்தான். ஆனால் நாற்காலியின் முன்சக்கரத்துக்குள் அச்சைச் சுற்றி இருந்த புஷ் என்ற வெண்கல வளையம் தேய்ந்துபோய், நேராகத் தள்ளினால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. அந்த மாடல் இப்போது வருவதில்லை.

"நானே கடைஞ்சு தரேன்டா" என்றாள் அக்கா. பொழுதுபோக்குக்கு வாங்கிய சின்ன லேத் சமையலறைக்குப் பின்னால் இருந்தது.

3

சுழலும் வெண்கலத்தில் வெட்டும் டூல் பட்டதும் மேசையோடு எல்லாம் நடுங்கியது. வழவழப்பாக வரவேண்டிய இடத்தில் மீன் செதில் மாதிரி வரி விழுந்தது. சரி, முதலில் லேத்தைத் திருத்துவோம் என்று அடியில் கனத்த இரும்புப் பலகை போட்டாள். பிறகு பேரிங் மாற்றினாள். டூலை இறுக்கிப் பிடிக்க ஒரு பிடியை அந்த லேத்திலேயே செய்தாள்.

(சின்ன லேத் வாங்குகிறவர்கள் அதில் முதலில் செய்வது அந்த லேத்துக்கு வேண்டிய சாமானைத்தானாம். கதை எழுதுவதைப் பற்றியே கதை எழுதுகிற நான் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை.)

ஒருநாள் ஆழமாக வெட்டப் போய், உள்ளே இருந்த பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்தது.

"பல் டாக்டர் வீட்டு மெஷினுக்கே பல்லு போச்சா!" என்று தம்பி சிரித்தான்.

வீம்புக்கு இரும்புப் பல்சக்கரம் மாட்டினாள். அடுத்த முறை டூல் சிக்கியபோது பல் உடையவில்லை, மோட்டார் புகைந்தது. மோட்டாரைக் காப்பாற்றத்தான் பிளாஸ்டிக் பல் உடைந்துகொடுத்தது என்று அப்போதுதான் உறைத்தது.

4

இங்கே எனக்கு அக்காமேல் சந்தேகம் வந்தது. 'அவள் வேண்டுமென்றே' என்று எழுதி அடித்துவிட்டேன். ஆதாரம் இல்லை. ஆனால் தம்பிக்கும் அதே சந்தேகம். புது மோட்டார் மாட்டிய கையோடு அவள், "அடுத்து டூலை நகர்த்துற இந்தத் திருகை மாத்தணும்" என்றபோது அவன் கேட்டுவிட்டான்.

"அக்கா, உன் லேத்து நல்லா ஓடுது. நான் எப்ப ஓடறது?"

"கொஞ்சம் பொறுடா."

"புஷ் முடிஞ்சா நான் கிளம்பிடுவேன்னுதானே?"

அவள் ஏற்கெனவே சுத்தமாக இருந்த இடத்தைத் துடைத்தாள். "நீ விழுந்தா யாருடா தூக்கறது?"

"யாரையாவது கூப்பிடுவேன். இங்க உன்னைக் கூப்பிடறேன். அவ்வளவுதானே?"

5

அவள் மறுபடி பிளாஸ்டிக் பல்சக்கரத்தையே மாட்டினாள். மயிரிழை மயிரிழையாக வெட்டினாள். சத்தம் மாறினால் நிறுத்தினாள். அந்தச் சின்ன மெஷினால் எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் அதனிடம் கேட்டாள். புஷ் பளபளவென்று வந்தது.

மாட்டியதும் கூடத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தாள். அது நேராகப் போனது. தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வாரமே கிளம்பிவிட்டான்.

6

முடிவு ஒன்று: தம்பி திரும்பி வருகிறான். அக்கா வீட்டுக்கே போய் வாசித்துக் காட்டினேன். "அவன் ஏங்க வரணும்? வேலை பிடிச்சிருக்காம்" என்றாள்.

முடிவு இரண்டு: அக்கா லேத்தை விற்றுவிடுகிறாள். இதற்கு அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. எழுந்து பின்னறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். ஒரு பித்தளைக் கம்பியை லேத்தில் பொருத்தி இறுக்கினாள்.

"இது எதுக்கு?"

"தெரியல. அவனுக்கு இல்ல, லேத்துக்கும் இல்ல."

சுவிட்சைப் போட்டாள். கம்பி சுழல்கிறது. என்னவாகப் போகிறது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டூலை எங்கே வைக்கலாம், நீங்கள் சொல்லுங்கள்.