112ஆம் பக்கத்தில் இல்லாத ஏரி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. ‘ஒரு பேராசிரியர் இருந்தார்’ என்று தொடங்கிப் பார்த்தேன். ஆள்மாறாட்டம். பொய் சொன்னது நான்தான்.

இரண்டாவது தொடக்கம்: ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள் புத்தகத்தையே தொடுவதில்லை, எல்லாம் செல்போனில்...’

(இதையும் நிறுத்திவிட்டேன். மேடைக்கு மேடை பேசிக் கைதட்டல் வாங்கிய வாக்கியம்.)

2

‘அந்த ஏரி ஒருபோதும் வற்றியதில்லை’ என்று என் வழிகாட்டி தன் ஆய்வேட்டில் எழுதியிருந்தார். சான்று: ஒரு பழைய நில அளவை நூல், பக்கம் 112. நூலைக் கண்ணால் பார்க்காமலே அந்த அடிக்குறிப்பை என் ஆய்வேட்டில் இறக்கிக்கொண்டேன்.*

* அப்போது எல்லோரும் அப்படித்தான். (எல்லோரும் அல்ல. அடுத்த பகுதியைப் பார்க்கவும்.)

3

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் ஒரு மாணவி ஆய்வு செய்தார். இரண்டு பஸ் மாறி ஆவணக் காப்பகத்துக்குப் போய், பதினொரு நாள் உட்கார்ந்து பென்சிலால் படியெடுத்து வந்தார்.

“சார், அந்தப் பக்கத்துல வெறும் மழை அட்டவணைதான் இருக்கு. ஏரி ரெண்டு தடவ வத்தியிருக்குன்னு வேற எடத்துல போட்டிருக்கு.”

“பெரியவங்க கண்ணுல படாதது உங்க கண்ணுல பட்டுச்சாக்கும்? மாத்தி எழுதிட்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்.”

அவர் மாற்றவில்லை. நான் கையெழுத்துப் போடவில்லை. ஆய்வை விட்டுவிட்டுப் போனார். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி டியூஷன் நடத்துகிறார். பலகையில் எம்.ஏ. மட்டும். வெட்கத்தில் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

[அவரைக் கொஞ்சம் திமிர்க்காரியாக எழுதினால் எனக்கு வசதி. எழுதியும் பார்த்தேன். அவர் அப்படி இல்லை.]

4

போன வாரம் இப்போதைய மாணவி அந்த நில அளவை நூலைச் செல்போனில் திறந்து நீட்டினாள்.

“ரெண்டு நிமிஷத்துல கெடச்சுது சார். 112ல அப்படி ஒண்ணுமே இல்ல. இத முன்னாடி யாருமே பார்க்கலையா?”

“இல்லம்மா. நீதான் மொதல்ல.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவள் சந்தோஷமாக அதையே முன்னுரையில் எழுதிக்கொண்டாள். பஸ் ஏறியவர் பார்த்தார், செல்போன்காரி பார்த்தாள். நடுவில் பார்க்காதவன் நான்.

5

முடிவு (அ): டியூஷன் வீட்டுக் கதவைத் தட்டுகிறேன். அவர் மன்னிக்கிறார். சினிமா.

முடிவு (ஆ): முகத்தில் அடித்தாற்போல் சாத்துகிறார். இதுவும் வசதிதான். தண்டனை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடலாம்.

முடிவு (இ): மாணவியைக் கூப்பிட்டு, ‘நான் சொன்னது பொய்ம்மா...’

திங்கட்கிழமை அவள் ஆய்வேடு அச்சுக்குப் போகிறது. முதலில் கண்டவர் யார் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். இன்று வெள்ளி. உண்மையில், முடிவை உங்கள் தலையில் கட்டத்தான் இதைத் தொடங்கினேன். தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். அடுத்தவர் எழுதியதை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் இத்தனை வருடமும் ஓட்டியிருக்கிறேன்.