பதினொரு பெருக்கல் குறிகள்

மேசையின் தலைப்பக்கம் டாக்டர். ஜன்னலோரம் பெரிய சிஸ்டர். கதவுக்கு முதுகைக் காட்டியபடி குமாஸ்தா. நாலாவது நாற்காலியில் பதினாறு நோயாளிகளின் கோப்புகள். பெயரின் மேலும் வயதின் மேலும் காகிதம் ஒட்டி, சிஸ்டர் கலைத்துப் போட்டு எண் எழுதியவை.

சுவருக்கு அப்பால் மூன்று டயாலிசிஸ் மெஷின்கள் முனகின. நாலாவது போன வாரம் மூச்சை நிறுத்தியது. அதை நம்பியிருந்த நால்வரில் மூவருக்குத்தான் மற்ற மெஷின்களில் நெருக்கியடித்து இடம் செய்ய முடியும். பதினாறு பேரில் ஒருவர் போயாக வேண்டும். அடுத்த ஆஸ்பத்திரி ஆறு மணி நேரப் பயணம். அதைத் தாங்கும் உடம்பு யாருக்கும் இல்லை.

பெயரை மூடச் சொன்னது குமாஸ்தாதான். "எங்கக்காவும் இதுல இருக்கா. யாருன்னு தெரியாம விதி போட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"வயசானவங்களைக் கழிக்கலாமா?" என்றார் டாக்டர்.

"அப்படின்னா முதல்ல நாம ரெண்டு பேரும் எழுந்துக்கணும் டாக்டர்," என்றாள் சிஸ்டர். "சீட்டுக் குலுக்கிடலாம்."

"உசுரு என்ன பரிசா சிஸ்டர்?" என்றான் குமாஸ்தா. "கிடைச்ச முறையை யாரு வீணாக்கினாங்களோ அவங்க இடம் கொடுக்கட்டும். ஒழுங்கா வந்தவங்களை ஏன் தண்டிக்கணும்?"

அதையே விதியாக எழுதினார்கள். மூவரும் கையெழுத்திட்டார்கள். ஒவ்வொரு கோப்பிலும் குமாஸ்தா கோடு போட்டு அமைத்த வருகைத் தாள் இருந்தது. வந்தால் சரி, வராவிட்டால் பெருக்கல். ஏழாம் கோப்பில் பதினொரு பெருக்கல். மற்றவற்றில் மூன்றுக்கு மேல் இல்லை.

சிஸ்டர் காகிதத்தை உரித்தாள். உரித்தவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது. அவன் ஸ்கூட்டரில் ஏற்றி வந்தால்தான் உண்டு. மாதக் கடைசியில் அவனுக்குத் தலைக்கு மேல் வேலை. "விடுடா, அடுத்த முறை பாத்துக்கலாம்" என்பாள் அவள். மாதத்துக்கு ஒன்றாக அவனே போட்ட பெருக்கல்கள்தான். கூட்டிப் பார்த்ததில்லை.

"வராத காரணம் எழுத அந்தத் தாள்ல கட்டமே இல்லையே தம்பி," என்றாள் சிஸ்டர். "விதியைக் கிழிச்சிடலாமா?"

டாக்டர் பேனாவை மூடி அவன் பக்கம் திரும்பினார். "கிழிக்கலாம். அப்போ வேற ஒருத்தரைச் சொல்லணும். நீயே சொல்லு."

மேலே கிடந்தது பன்னிரண்டாம் கோப்பு. மூன்று பெருக்கல். காகிதத்தின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. அவன் அதைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினான்.

பிறகு எழுதினான்: திங்கள்கிழமை முதல் தங்களுக்கு இங்கு முறை இல்லை. உறையில் தன் வீட்டுக் கதவெண்ணையே எழுதினான். அக்காவுக்கு வரும் தபாலையெல்லாம் வாசித்துச் சொல்பவன் அவன்தான்.

பசை தடவி ஒட்டி, முத்திரை குத்தி, தபால் பையில் போட்டான். பியூன் பையின் வாயைக் கட்டி எடுத்துப் போனான்.