அக்காவின் கட்டைவிரல்

அன்று காலை பட்டறையில் இருந்தவர்கள்: அக்கா, அவள் புருஷனான என் மச்சான், நான், மெஷினை வாங்க வந்திருந்த தொழிற்சாலை மேடம். கூண்டுக்குள் இரும்புக் கை. அதற்கு மாப்பிள்ளை என்று பேர். எல்லாம் அவன் இருக்கும் இடத்துக்கே வர வேண்டும்.

இதுவரை நாங்கள் ஊருக்கெல்லாம் உதிரிப் பாகம் கடைந்து கொடுத்தவர்கள். முதல்முறையாக ஒரு தானியங்கி மெஷினையே கட்டியிருந்தோம். கை இரும்புத் துண்டை எடுத்து லேத்தில் வைக்கும், லேத் கடையும், கை வெளியே எடுத்து அடுக்கும். மேடம் தலையசைத்தால் இன்னும் நாலு மெஷினுக்கு ஆர்டர். கல்லூரியை விட்டபின் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதன் புரோகிராம்தான். 

மெஷின் சொன்னபடி ஓடியது. துண்டு துண்டாகக் கடைந்து அடுக்கியது.

"நல்லா இருக்கு," என்றார் மேடம். "இவங்க எதுக்கு உள்ள நிக்கறாங்க?"

"சும்மாதாங்க," என்றாள் கூண்டுக்குள் லேத்தை ஒட்டி நின்ற அக்கா. "பக்கத்துல நின்னே பழகிப்போச்சு."

"வெளிய வந்து கதவைச் சாத்துங்க. பார்ப்போம்."

கூண்டுக் கதவு திறந்திருந்தால் மெஷின் ஓடக் கூடாது. கதவில் இருப்பதுபோன்ற ஓர் உதிரி நாக்கைப் பூட்டில் செருகி, கதவு சாத்தியிருப்பதாக அதை ஏமாற்றி வைத்திருந்தோம். மச்சான் அசடு வழிய அதை உருவினார். சாத்தினோம். முதல் துண்டே கோணலாக உட்கார, சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றது.

"மாப்பிள்ளைக்கு ஊட்டிவிட ஆள் வேணும்போல," என்றார் மச்சான். யாரும் சிரிக்கவில்லை.

கதவைத் திறந்து, அக்காவைப் பழைய இடத்திலேயே நிற்கச் சொல்லி, கதவு திறந்திருக்கும்போது சோதனைக்கென்று விடும் மெதுவான வேகத்தில் இரும்புக் கையை நகர்த்தினேன். இம்முறை அவளை மட்டும் பார்த்தேன். துண்டு லேத்தின் வாய்க்குள் போனதும் அவள் கட்டைவிரல் நீண்டு அதன் முனையை ஓர் அழுத்து அழுத்தியது.

"என்னக்கா பண்றே?"

"நான் எங்கடா பண்றேன்?"

பொய் சொல்லவில்லை. லேத் முன்னால் நின்ற வருஷங்களில் விரல் தானாகப் போகப் பழகிவிட்டது. இத்தனை வாரச் சோதனையும் அந்த விரலில்தான் ஓடியிருக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை. குதிக்க வேண்டும்போல் இருந்தது. குறை எங்கே என்று தெரியாதவரைதான் நரகம். தெரிந்துவிட்டால் வெறும் வேலை.

"மச்சான், ரப்பர்."

"எவ்வளவு தடிமன்?"

"உங்க பொண்டாட்டி விரல் அளவு."

ஓடினார். விரலுக்குப் பதிலாகத் துண்டை அழுத்த, இரும்புக் கையின் பிடிக்கு நடுவில் ரப்பரை வைத்து அக்கா திருகாணியை முடுக்கினாள். துண்டை வைத்த பிறகும் ஒரு மயிரிழை உள்ளே தள்ளு என்று நான் புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். மேடம் கைப்பையைத் தரையில் போட்டுவிட்டுக் கம்பிவலையில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார்.

"வாக்கா வெளிய."

"ஒரே ஒரு தடவை உள்ள நின்னு பார்த்துடறேனேடா."

"நீ நின்னா நீதான் ஓட்டுவே. வா."

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்தினேன். பூட்டு டக்கென்று விழுந்தது.