அடியில் படிந்த உப்பு

குழாயடியில் பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசும் ஓசை காலையிலிருந்தே ஓயவில்லை. கழுவுகிற அக்கா ஒவ்வொன்றிலும் மும்முறை நல்ல தண்ணீர் விட்டு அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கம்பித் தட்டில் கவிழ்த்தாள். அவள் கணவன் சாரத்திலிருந்து விழுந்து படுக்கையோடு கிடந்தான். வீட்டில் அடுப்பெரிவது இந்த இரண்டு கைகளால்தான்.

உள்ளே மேசையருகே, ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஆய்வகப் பெண் பஃபர் கரைசல் கலக்க நின்றாள். ரத்தப் பரிசோதனைத் தட்டுகளின் சிறு குழிகளைக் கழுவுவதற்கான கரைசல் அது. செறிவான மூலக் கரைசலைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து, ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்க்க வேண்டும். குளிரில் உப்பு அடியில் வெள்ளையாய்ப் படிந்துவிடும். பாட்டிலை வெந்நீர்த் தொட்டியில் இறக்கி, உப்பு முழுவதும் கரைந்த பிறகே அளந்தெடுப்பது வழக்கம்.

தொட்டியின் சுவிட்சை அவள் போட்டபோது மேலாளர் வந்தார். போகிற இடமெல்லாம் விளக்கையும் விசிறியையும் அணைத்துவிட்டுப் போகிறவர் என்பதால் அவருக்குச் ‘சுவிட்ச் சார்’ என்று பெயர்.

“அதை எதுக்கும்மா போடுற? கரண்ட் பில்லைப் பார்த்தியா? அப்படியே கலக்கு.”

“அடியில உப்பு நிக்குது சார். கரையட்டும், கொஞ்ச நேரந்தான்.”

“மேல தெளிவாத்தானே இருக்கு? அதை ஊத்து. வெளிய ரிசல்ட் கேட்டு சனம் நிக்குது.”

அவரே சுவிட்சை அணைத்தார். அவள் மேலிருந்த தெளிவை மட்டும் இறுத்தெடுத்துத் தண்ணீரில் கலந்து, பிஎச் மீட்டரின் முனையை அமிழ்த்தினாள்.

“மாமியார் என்ன சொல்றாங்க பாப்பா?” என்றாள் அக்கா. எதை வைத்தாலும் குறை சொல்லும் அந்த மீட்டருக்கு அவள் சூட்டிய பெயர் அது.

“வாயே திறக்கலக்கா. ஏழு புள்ளி நாலு. அப்படியே ஏத்துக்கிட்டாங்க.”

“அப்பத்தான் பயப்படணும். மாமியா சும்மா இருந்தா வீட்ல என்னமோ நடக்கப் போகுதுன்னு அர்த்தம்.”

மீட்டர் அமிலத்தையும் காரத்தையும் மட்டுமே அளக்கும். உப்புக் குறைந்ததை அது அறியாது.

மதியம் தட்டுகள் வெளிவந்தன. நோயிருந்தால் மட்டுமே குழி மஞ்சளாக வேண்டும்; கழுவும் கரைசல் சரியில்லாவிட்டால் எல்லாமே மஞ்சளாகிவிடும். நோய் கண்டவர்களின் குழிகளும் மஞ்சள்; நோயில்லை என்று முன்பே தெரிந்து ஒப்பீட்டுக்கு வைத்த குழிகளும் மஞ்சள். அன்றைய சோதனை முழுவதும் பாழ். சுவிட்ச் சார் இருவரையும் தம் அறைக்கு அழைத்தார்.

“மேலிடத்துக்குக் காரணம் எழுதணும். பாட்டில் சரியா கழுவலைன்னு எழுதுறேன்.”

“மூணு தண்ணி விட்டேன் சார். பாப்பா பார்த்துக்கிட்டுத்தானே இருந்துச்சு” என்றாள் அக்கா.

ஆய்வகப் பெண் நிமிர்ந்தாள். “சார், அந்த உப்பு...”

“சரி, கலக்கினதுதான் தப்புன்னு எழுதிடவா?” அவர் பேனா மூடியைக் கழற்றினார். “பாட்டிலா, கலக்கினதா? நீயே சொல்லு.”

அவளுடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கக் கையெழுத்திட வேண்டியவர் அவரே. விசிறி நின்றிருந்த அறையில் அவளுக்குக் கழுத்தோரம் வியர்த்தது. அக்காவின் ஊறிச் சுருங்கிய விரல்நுனிகளைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். பேனா எழுதத் தொடங்கியது.

“நாளையிலேர்ந்து வர வேணாம்மா” என்றார் அவர், அக்காவிடம். “இருக்கிறதைக் கழுவி வச்சிட்டுப் போ.”

அக்கா குழாயடிக்குத் திரும்பினாள். கடைசியாக அவள் கைக்கு வந்தது மூலக் கரைசல் பாட்டில். வெளிச்சத்தில் தூக்கினாள். அடியில் விரற்கடை உயரத்துக்கு வெள்ளையாய்க் கட்டி நின்றது.

“இதென்ன பாப்பா, ஒட்டிக்கிட்டுப் போகவே மாட்டேங்குது? இதையும் நான் கழுவாம விட்டேன்னு சொல்லிடப் போறாங்க.”

பாப்பா பிஎச் மீட்டரின் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அக்கா தேநீர் கெட்டிலில் மீந்திருந்த வெந்நீரை ஊற்றி, பாட்டிலின் வாயை உள்ளங்கையால் பொத்திக் குலுக்கினாள். உப்பு சுழன்றது, மெலிந்தது, மறைந்தது. மும்முறை அலசினாள். ஒரு துளி வெண்மையும் எஞ்சவில்லை என்று வெளிச்சத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டு, கம்பித் தட்டில் மற்றவற்றோடு அதையும் கவிழ்த்தாள்.